செம்பும் அலுமினியமும் சந்திக்கும் இடம்: அனகாபுத்தூர் வட்டார இல்லங்களின் மின்கம்பி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் உள்ள பழைய வீடுகளின் சுவர்களில் இருவேறு காலத்து மின்கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. ஒன்று செம்பு, மற்றொன்று அலுமினியம். இவ்விரண்டும் சேருமிடம் சூடேறித் தீப்பற்றுவதற்கு ஏற்ற இடமாகும் என்பது மின்பொறியியலில் நிறுவப்பட்ட செய்தி. அத்தகைய ஒட்டு ஏன் இங்கு உருவாயிற்று என்பதற்குத் தனிமனிதக் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது வழக்கம். இக்கட்டுரை அதற்கு அப்பால் சென்று, நாட்டின் உலோகக் கொள்கையும் படிப்படியாக வளர்ந்த வீட்டமைப்பும் பெருகிய மின்சுமையும் சேர்ந்தே அந்த ஒட்டை உருவாக்கின என்பதை நிறுவ முயல்கிறது. அதனைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அனகாபுத்தூர், மின்கம்பி, செம்பு, அலுமினியம், மேட்டூர், கம்பியாளர், கட்டை வயரிங், மின்வேதி அரிப்பு.

முன்னுரை

அடையாற்றின் கரையில், பம்மலுக்கும் குன்றத்தூருக்கும் இடையில் அமைந்த அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்கு, ஏற்றுமதியான 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்னும் கட்டம்போட்ட துணி இங்கு நெய்யப்பட்டது. அவ்வாணிகம் நலிந்தபின் வாழைநார் முதலிய இயற்கை இழைகளைக் கொண்டு சேலை நெய்யும் முயற்சியால் ஊர் மீண்டும் பேசப்பட்டது. நகராட்சியாக இருந்த அனகாபுத்தூர் 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளோடும் ஐந்து பேரூராட்சிகளோடும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று.

ஊரின் நெசவு வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அதே வீடுகளின் சுவரில் ஓடும் கம்பிகளின் வரலாற்றுக்கு அந்தக் கவனம் கிட்டவில்லை. தறிமேடையின்மேல் தொங்கிய ஒற்றை விளக்குக்காக இழுக்கப்பட்ட கம்பி, பின்னர் மின்விசிறிக்கும், அரைவை இயந்திரத்திற்கும், குளிரூட்டிக்கும் நீட்டப்பட்டது. நீட்டியவர் ஒருவரல்லர், நீட்டிய காலமும் ஒன்றன்று. ஒவ்வொரு முறையும் கடையில் எந்த உலோகக் கம்பி கிடைத்ததோ அதுவே சுவரில் ஏறியது.

இக்கட்டுரையில் கம்பியோடு கம்பி சேருமிடம் 'ஒட்டு' எனவும், மின்வாரியம் வீட்டுக்கு வழங்குவது 'மின்னிணைப்பு' எனவும் குறிக்கப்படும். கம்பியாளர் பேச்சில் முன்னது 'ஜாயிண்ட்', பின்னது 'சர்வீஸ்'.

செம்புக் காலம்

சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. வீடுகளுக்கான மின்விநியோகம் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்னும் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1947இல் சென்னை அரசு அதனை ஏற்றது. புறநகரைப் பொறுத்தவரை, 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடியது ஒரு திருப்பம். ஆனால் தண்டவாளத்தின்மேல் மின்சாரம் ஓடியதற்கும் அருகிலிருந்த சிற்றூர் வீட்டில் விளக்கு எரிந்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கடந்தன. 1932இல் பைகாராவும் 1937இல் மேட்டூரும் நீர்மின்சாரம் தரத் தொடங்கியபின், 1957 ஜூலை 1ஆம் நாள் மின்சார வாரியம் அமைந்தபின், சிற்றூர்களுக்கு மின்னிணைப்பு பரவியது.

அக்காலத்து வீட்டுக் கம்பி செம்பே. சுவரில் தேக்குக் கட்டைகளை ஆணியடித்து, அவற்றின்மேல் ரப்பர் உறையிட்ட கம்பியைத் தகரக் கிளிப்புகளால் பிடித்துச் செல்லும் முறை 'கட்டை வயரிங்' எனப்பட்டது. வளமான வீடுகளில் மரத்தாலான பள்ளமும் மூடியும் கொண்ட 'கேசிங்-கேப்பிங்' முறை இருந்தது. இரண்டிலும் ஒரு நல்ல மரபு பேணப்பட்டது. கம்பியை இடைவழியில் ஒட்டாமல், ஒரு சுவிட்சின் திருகிலிருந்து அடுத்த சுவிட்சின் திருகுக்கும், அங்கிருந்து சீலிங் ரோஸுக்கும் கொண்டுசெல்வர். இதனை 'லூப்பிங்' என்பர். ஒட்டு தவிர்க்க முடியாதபோது செம்புக் கம்பிகளை முறுக்கி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் பற்றவைத்து, நாடா சுற்றுவர். தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்றும் கற்பிக்கப்படும் எலிவால் ஒட்டு, மேரீட் ஒட்டு, பிரிட்டானியா ஒட்டு ஆகியவை அக்காலத்தின் எச்சங்கள். இவை அனைத்தும் ஒரே உலோகத்தை, அதுவும் பற்றுக்கு எளிதில் இசையும் செம்பை, மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை என்பது இங்கு கருதத்தக்கது.

மேட்டூர் அலுமினியம்

விடுதலைக்குப்பின் இந்தியாவில் செம்பு அரிதாக இருந்தது. காட்சிலா வட்டாரத்துச் சுரங்கங்கள் தந்தது தேவைக்குப் போதவில்லை, பெரும்பகுதி இறக்குமதி. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆயிற்று. செம்பு இறக்குமதியின் சுமை ஒரே நாளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது என்று இதனைப் படிக்கலாம். மறுபுறம், அலுமினியத்திற்கு வேண்டிய பாக்சைட் நாட்டில் மிகுதியாகக் கிடைத்தது. கேரளத்தின் அலுபுரத்தில் 1943 முதலும், ரேணுகூட்டில் 1962 முதலும் அலுமினியம் உருக்கப்பட்டது. தமிழகத்தில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூர் ஆலையில் உலோகமாயிற்று.

இந்திய மின்துறை அலுமினியத்தை ஏற்றது கண்மூடித்தனமான முடிவன்று. அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் 61 விழுக்காடு. ஆகவே அதே வேலைக்கு ஏறத்தாழ 1.6 மடங்கு தடித்த கம்பி வேண்டும். ஆனால் அதன் அடர்த்தி 2.7, செம்பினுடையது 8.9. எனவே தடித்திருந்தும் அலுமினியக் கம்பியின் எடை பாதியே. கம்பத்திலிருந்து கம்பத்திற்கு இழுக்கும் நெடுவழிக் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் அரிது. 1970இல் வந்த அலுமினியக் கட்டுப்பாட்டு ஆணை, உற்பத்தியில் பெரும்பங்கை மின்கம்பித் தரத்தில் தரவேண்டுமென ஆலைகளைப் பணித்தது. அக்கட்டுப்பாடு 1989இல் நீங்கியது. அக்கொள்கை கம்பத்தோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. அது வீட்டுக்குள்ளும் வந்தது. 1960களின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம், எளிய வீட்டுக்கு வாங்கத்தக்க கம்பி என்பது பி.வி.சி. உறையிட்ட ஒற்றையிழை அலுமினியக் கம்பியே.

1990களில் பொருளாதாரத் தாராளமயத்திற்குப்பின் காற்று திசைமாறியது. 1990களின் பிற்பகுதியில் தூத்துக்குடியிலும் குஜராத்தின் தஹேஜிலும் பெரிய செம்பு உருக்காலைகள் இயங்கத் தொடங்கின. பல்லிழைச் செம்புக் கம்பி சுருள் சுருளாகக் கடைக்கு வந்தது, சுவருக்குள் பி.வி.சி. குழாய் பதித்துக் கம்பி இழுக்கும் முறை கட்டை வயரிங்கை ஓரங்கட்டியது. மேட்டூரில் 2008இல் அலுமினிய உருக்கு நின்றது. தூத்துக்குடி ஆலை, 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிரிழந்த பின்னர், மூடப்பட்டது. தமிழக வீட்டுச் சுவரில் ஓடும் இரண்டு உலோகங்களுக்கும் தமிழகத்திலேயே பிறப்பிடம் இருந்தது. இரண்டும் இன்று இல்லை.

அளவெண்ணில் தங்கிய வரலாறு

இம்மாற்றத்தின் சுவடு கம்பியாளர் பேச்சில் இன்றும் கேட்கிறது. சென்னைக் கடைகளில் செம்புக் கம்பியை '1/18', '3/20', '7/20' என்று கேட்பர். மேலெண் இழைகளின் எண்ணிக்கை; கீழெண் பிரிட்டிஷ் கேஜ் அளவு. அலுமினியக் கம்பியோ '1/1.4', '1/1.8' என்று மில்லிமீட்டர் விட்டத்தால் அறியப்பட்டது. அலுமினியம் வீட்டுக்கு வந்த காலமும் மெட்ரிக் அளவை நாட்டில் நிலைத்த காலமும் ஒன்றையொன்று தழுவியவை. ஆகவே இரண்டு உலோகங்கள் இரண்டு அளவைமுறைகளையும் உடன்கொண்டு வந்தன.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 1/18 செம்புக் கம்பியின் விட்டம் 1.22 மில்லிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 1.17 சதுர மில்லிமீட்டர். 1/1.4 அலுமினியக் கம்பியின் பரப்பு 1.54. கண்ணுக்கு அலுமினியமே தடித்தது. எனினும் 1/18 செம்புக்கு நிகராக அலுமினியம் 1.9 சதுர மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். ஆகவே '1/18க்குப் பதில் 1/1.4' என்று மாற்றியபோதெல்லாம் கம்பியின் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இருவேறு அளவைமுறைகளில் பெயர் வழங்கியதால் இக்குறைவு எளிதில் கண்ணில் படவில்லை எனலாம்.

ஒட்டு ஏன் சூடேறுகிறது

செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் முறுக்கி நாடா சுற்றினால், அன்று விளக்கு எரியும். மறுநாளும் எரியும். கேடு மெல்ல வருவது. அதனாலேயே அது நம்பப்படுவதில்லை.

அலுமினியம் காற்றுப்பட்ட கணமே தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அப்படலம் மின்சாரத்தைக் கடத்தாது. 2000 பாகை செல்சியஸுக்குமேல்தான் உருகும். சாதாரண ஈயப்பற்று அலுமினியத்தில் ஒட்டாததற்கும் அதுவே காரணம். செம்புக் காலத்தில் 'முறுக்கு, பற்று, நாடா' என்று மூன்று படிகளாக இருந்த ஒட்டுமுறை, அலுமினியம் வந்தபின் பற்றை இழந்தது. முறுக்கும் நாடாவும் மட்டும் எஞ்சின. பழைய கைப்பழக்கம் அதன் உயிரான பகுதியை விட்டுவிட்டு வடிவத்தால் மட்டும் தொடர்ந்தது.

இரண்டாவது, வெப்ப விரிவு. ஒரு பாகை வெப்பம் ஏறினால் அலுமினியம் பத்து இலட்சத்தில் 23 பங்கும், செம்பு 17 பங்கும் நீள்கின்றன. சுமை ஏறும்போது விரிந்தும் இறங்கும்போது சுருங்கியும் இரண்டும் ஒவ்வாமல் அசைகின்றன. மேலும் அலுமினியம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும் இயல்பு அதற்கு உண்டு. இறுக்கிய திருகு சில மாதங்களில் தானே தளர்ந்ததுபோல் தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, மின்வேதி அரிப்பு. நியம மின்முனை அழுத்தம் அலுமினியத்திற்கு -1.66 வோல்ட், செம்பிற்கு +0.34 வோல்ட். இவ்விரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் புகுந்தால், 1800இல் வோல்ட்டா அடுக்கிய மின்கலத்தின் சிறுவடிவம் சுவருக்குள் பிறக்கிறது. ஆக்சைடு படலம் நடைமுறையில் இதன் வேகத்தைக் குறைக்கும். ஆயினும் அரிக்கப்படுவது எப்போதும் அலுமினியமே. கம்பத்தில் வேலை செய்வோர் அலுமினியத்தை மேலும் செம்பைக் கீழும் வைத்துப் பிணைப்பது இக்காரணத்தால்தான். செம்பில் பட்டு வழியும் நீர் அலுமினியத்தின்மேல் சொட்டக் கூடாது.

இவை மூன்றும் ஒட்டின் மின்தடையை உயர்த்துகின்றன. ஓர் ஒட்டின் தடை 0.1 ஓம் ஆக உயர்ந்ததாகக் கொள்வோம். 75 வாட் மின்விசிறி ஏறத்தாழ 0.33 ஆம்பியர் எடுக்கும்; அந்த ஒட்டில் உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. அதே ஒட்டின் வழியே 9 ஆம்பியர் எடுக்கும் வெந்நீர்க் கொதிகலன் இயங்கினால் வெப்பம் 8 வாட்டைத் தாண்டும். மின்னோட்டம் 27 மடங்கு; வெப்பம் 700 மடங்குக்கு மேல். ஒரு பட்டாணி அளவு இடத்தில், நாடாவும் மரமும் சூழ, மணிக்கணக்கில் எட்டு வாட் என்பது உறையைக் கருக்கப் போதுமானது. கருகும் ஒட்டின் தடை மேலும் ஏறும்.

இங்கு ஃபியூஸும் எம்.சி.பி.யும் உதவுவதில்லை. அவை மிகை மின்னோட்டத்தை அறிபவை. கெட்ட ஒட்டில் ஓடுவதோ முறையான மின்னோட்டம். நிலத்திற்குக் கசியும் மின்சாரத்தை அறியும் ஆர்.சி.சி.பி.யும் இதனை உணராது. வீட்டின் காவலர் மூவரும் விழித்திருக்கும்போதே நிகழும் கேடு இது.

அமெரிக்க அனுபவம்

இச்சிக்கல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 1960களின் நடுவில் செம்பு விலை உயர்ந்தபோது அமெரிக்காவிலும் வீட்டுக் கம்பி அலுமினியத்திற்கு மாறியது. 1965 முதல் 1973 வரை கட்டிய ஏறக்குறைய 20 இலட்சம் வீடுகளில் அது பதிந்தது. 1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸில் ஒரு வீட்டுத் தீயில் இருவர் இறந்தனர். சூடேறிய அலுமினிய இணைப்பே காரணமெனக் கண்டறியப்பட்டது. 1977 மே 28ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தின் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப்பில் 165 பேர் மாண்ட தீக்கும் அலுமினியக் கம்பி காரணமென வழக்காடப்பட்டது. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திற்காக நிகழ்ந்த கணக்கெடுப்பு, 1972க்கு முன் அலுமினியக் கம்பி இட்ட வீடுகளில் ஓர் இணைப்பாவது தீவிபத்து நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு மிகுதி எனக் கண்டது.

அவ்வாணையம் நிலையான தீர்வாக மூன்றையே ஏற்றது: வீடு முழுவதும் செம்புக் கம்பிக்கு மாற்றுதல், தனிக்கருவியால் நசுக்கிப் பிணைக்கும் உறை, இரு உலோகங்களையும் தனித்தனித் திருகில் பிடிக்கும் கனெக்டர். முறுக்கித் திருகும் சாதாரண மூடிகளை அது நிலையான தீர்வாக ஏற்கவில்லை. மூடி, நாடா எதுவாயினும், அடியில் இரண்டு உலோகங்கள் நேரடியாக முறுக்குண்டு கிடப்பின் சிக்கல் மறைகிறதே ஒழியத் தீர்வதில்லை.

அமெரிக்க வீட்டில் கம்பி ஒரே நாளில், ஒரே உலோகத்தில் இடப்பட்டது. ஆகவே அங்குச் சிக்கல் பெரும்பாலும் கம்பியும் சுவிட்சும் சேருமிடத்தில். தமிழகப் புறநகரிலோ வீடே தவணைமுறையில் வளர்ந்தது. சிக்கல் பழைய அறையும் புதிய அறையும் சேருமிடத்தில். அமெரிக்கத் தீர்வுகளை இங்குப் பொருத்தும்போது இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

வளர்ந்த வீடும் வளர்ந்த சுமையும்

நெசவாளர் வீட்டின் மையம் குழித்தறி. அதற்குமேல் ஒரு விளக்கு. பிறகு தார் சுற்றுவதற்கு ஒரு சிறு மோட்டார். இவ்வளவுக்கு 1/1.4 அலுமினியம் தாராளமாகப் போதும். பின்புறம் சமையலறை சேர்ந்ததும், மாடியில் ஓர் அறை எழுந்ததும் கம்பி நீண்டது. நீட்டிய காலம் 1990களுக்குப் பின்னதாயின் நீட்சி செம்பு.

சுமையின் பெருக்கத்தில் அரசுத் திட்டங்களுக்கும் பங்குண்டு. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் எளிய வீடுகளின் உழைப்புச் சுமையைக் குறைத்தன. பெண்களின் நேரத்தை மீட்டுத் தந்தன. 2016 முதல் வீடுகளுக்கு இருமாதத்திற்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது; கைத்தறி நெசவாளருக்கு உரிய அளவு 2023இல் 300 அலகாக உயர்ந்தது. கருவியும் வந்தது, மின்சாரமும் வந்தது. இரண்டையும் இணைக்கும் சுவர்க்கம்பி மட்டும் பழையதாகவே இருந்தது. கம்பியைப் புதுப்பிக்கும் திட்டமொன்று இவற்றோடு சேர்ந்து வந்திருப்பின் அதன் பயன் பெரிதாயிருக்கும்.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு பெருகி அனகாபுத்தூர், பம்மல், திருநீர்மலைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. வெள்ளநீர் தூய நீரன்று. உப்பும் கழிவும் கரைந்த, மின்சாரம் கடத்தும் கரைசல். நீர் வடிந்து சுவர் உலர்ந்தபின்னும் அந்த உப்பு நாடாவுக்குள்ளும் குழாய்க்குள்ளும் தங்கும். பின்னர் மழைக்காலம்தோறும் ஈரம் பட்டு மின்வேதி அரிப்பைத் தொடரும். வெள்ளத்திற்குப்பின் சுவிட்சுப் பலகையைத் துடைத்துக் காயவைத்த வீடுகள் பல. ஆற்றங்கரை ஊரில் அதற்கும் முன்னர்ச் செய்யவேண்டியது, சுவருக்குள் உள்ள ஒட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது.

வெளுத்த செம்பு, சிவந்த அலுமினியம்

எது எந்த உலோகம் என அறிவதே முதற்பணி. நிறத்தை நம்பினால் இருமுறை ஏமாறலாம். ரப்பர் உறையில் உள்ள கந்தகம் செம்பைத் தாக்கும் என்பதால் பழைய செம்புக் கம்பிகளுக்கு வெள்ளீயம் பூசுவர். அவை அலுமினியம்போல வெளுத்துத் தோன்றும். கத்தியால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். இதற்கு மறுதலையாக, இன்று மலிவு விலையில் வரும் சில கம்பிகள் அலுமினியத்தின்மேல் செம்பு போர்த்தவை. வெளியே சிவப்பு; வெட்டுமுகத்தில் வெள்ளை. இவற்றைச் செம்பெனக் கருதிச் சுமையேற்றுவது, 1/18க்குப் பதில் 1/1.4 மாற்றிய பழைய பிழையின் மறுபதிப்பு. மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் துண்டித்து, சோதனை விளக்கால் உறுதிசெய்த பின்னரே இச்சுரண்டலும் நிகழவேண்டும்.

மூன்றாம் உலோகமொன்றும் உண்டு. பழைய வீடுகளின் எர்த் கம்பி துத்தநாகம் பூசிய இரும்பு, புதியது செம்பு. இவற்றின் ஒட்டில் நாள்தோறும் மின்சாரம் ஓடுவதில்லை. ஆகவே அது அரித்து அறுந்தாலும் விளக்கு மங்காது, வாசனை வராது. ஒருநாள் கிரைண்டரின் உடலில் மின்சாரம் ஏறும்போதுதான் அதன் இன்மை தெரியும்.

பாதுகாப்பான ஒட்டு

சிறந்த ஒட்டு, இல்லாத ஒட்டே. பழைய அலுமினிய வழி முழுவதையும் நீக்கி, பலகையிலிருந்து கருவி வரை ஒரே செம்புக் கம்பியை இழுப்பது செலவு மிக்கது; குளிரூட்டி, கொதிகலன், நீரேற்றி போன்ற பெருஞ்சுமைகளுக்கு அதற்கு மாற்று இல்லை எனலாம். அவற்றுக்குப் பழைய அறையின் கம்பியிலிருந்து கிளை எடுக்காமல் பலகையிலிருந்தே தனிவழி இழுப்பின், பழைய ஒட்டின்மேல் புதுச்சுமை ஏறாது.

விளக்கு, விசிறி வழிகளில் ஒட்டு தவிர்க்கவியலாதபோது, இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாமையே அடிப்படை விதி. வெள்ளீயம் பூசிய பித்தளைக் கனெக்டரில் ஒரு புறத் திருகில் அலுமினியமும் மறுபுறத் திருகில் செம்பும் நுழையவேண்டும்; உள்ளே முனைகள் ஒன்றன்மேலொன்று ஏறக் கூடாது. அக்கனெக்டர் அலுமினியத்திற்கும் உரியதெனத் தயாரிப்பாளரால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அலுமினியத்தின் உறையை உரிக்கும்போது கத்தி உலோகத்தில் வெட்டுக்குறி இடலாகாது. ஒற்றையிழையில் சிறு வெட்டு விழுந்தால் இரண்டு மூன்று வளைவில் அக்கம்பி அவ்விடத்திலேயே ஒடியும். பின்னர் ஆக்சைடு தடுப்புப் பசையைத் தடவி, பசைக்கு அடியிலேயே கம்பித்தூரிகையால் தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்துப் பின்னர்ப் பசை இட்டால், இடையில் காற்றுப்பட்டுப் படலம் மீண்டும் தோன்றிவிடும்.

தடித்த கம்பிகளுக்கு 'பைமெட்டாலிக் லக்' ஏற்றது. அதன் ஒருமுனை அலுமினியம், மறுமுனை செம்பு. இரண்டும் ஆலையிலேயே ஈரம் புகாவண்ணம் ஒன்றாக்கப்பட்டவை. உரிய அச்சுள்ள நசுக்கிக் கருவியால் பிணைத்தால்தான் அதற்குப் பயன் உண்டு. குறடால் நசுக்கிய லக், முறுக்கிய கம்பியினும் சிறந்ததன்று. எந்த ஒட்டும் குழாய்க்குள் மறையக் கூடாது. மூடி கழற்றிப் பார்க்கத்தக்க பெட்டியில், உலர்ந்த இடத்தில், ஆற்றங்கரை வீடாயின் முன்பு வெள்ளம் நின்ற மட்டத்திற்கு மேலே அது அமைய வேண்டும். திருகு வகை ஒட்டைச் சில வாரங்கள் சுமை ஓடியபின் ஒருமுறை, மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இறுக்குவது வழக்கத்திற்கு வரவேண்டும்.

நெசவில், தீர்ந்த பாவின் முனையோடு புதுப்பாவின் முனையை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பர். 'பாவு பிணைத்தல்' என்னும் அக்கைவினை அனகாபுத்தூருக்குப் புதிதன்று. பஞ்சு இழை பஞ்சு இழையோடு சேர்வதால் அம்முறுக்கு நிற்கிறது. கம்பியில் அதே கைவினை நிற்காமைக்கு, கையன்று, பொருளே காரணம்.

சட்டமும் கம்பியாளரும்

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, வீட்டு மின்நிறுவலில் செய்யும் எந்தச் சேர்க்கையும் மாற்றமும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரால், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் நிகழவேண்டும் என்றது. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த ஒழுங்குமுறைகளிலும் இக்கருத்து தொடர்கிறது. பழைய அறையிலிருந்து புதிய அறைக்குக் கம்பி நீட்டுவது விலக்கினுள் அடங்காது என்பது தெளிவு. எனினும் புதிய மின்னிணைப்பு பெறும்போது ஒருமுறை கேட்கப்படும் ஒப்பந்ததாரர் அறிக்கை, பின்னர் வீடு மும்மடங்கு வளர்ந்தாலும் கேட்கப்படுவது அரிது. சட்டத்தின் கண் வாசலில் நிற்கிறது. ஒட்டு உள்ளே இருக்கிறது.

தமிழகத்தில் கம்பியாளருக்கும் கம்பியாளர் உதவியாளருக்கும் தகுதிகாண் தேர்வு நடைபெறுகிறது. பல்லாண்டு வேலை செய்து கைத்திறன் பெற்றவர் சான்று பெற அது வழி தருகிறது. தேர்வில் செம்பு ஒட்டுகள் காட்டும் கையே மறுநாள் பழைய வீட்டில் அலுமினியத்தைச் சந்திக்கும். ஆகவே இரு உலோக ஒட்டைச் செய்முறைத் தேர்வின் கட்டாயப் பகுதியாக்குவது பெருஞ்செலவின்றி இயலும்.

முழுவதும் செம்பால் கம்பியிட்ட புதுவீடும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. கம்பத்திலிருந்து வீட்டுக்கு, இரும்புக் கம்பியில் தொங்கியபடி வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். அது கட்-அவுட் வழியே மீட்டருக்கு வந்து, அங்கிருந்து வீட்டின் செம்போடு சேர்கிறது. வீட்டின் மொத்த மின்னோட்டமும் செல்வது அவ்வொரே வழியில்தான். மீட்டர்ப் பலகையில் முத்திரையிட்ட பகுதியைத் திறக்க வாரியப் பணியாளருக்கே உரிமை உண்டு. வீட்டுக்காரருக்கு எஞ்சுவது கவனிப்பு. பெருஞ்சுமை இயங்கும் மாலையில் மீட்டர்ப் பலகையருகே பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறதா, கட்-அவுட்டின் வெள்ளைப் பீங்கான் பழுப்பேறியுள்ளதா, ஒரு கருவியை இயக்கியதும் வீட்டின் எல்லா விளக்குகளும் துடிக்கின்றனவா என்பவை அவர் தொடாமலே அறியக்கூடிய குறிகள். அவற்றுள் ஒன்று தென்பட்டாலும் சுமையைக் குறைத்து, அன்றே பிரிவு அலுவலகத்தில் புகார் பதிவது தகும்.